சாவி யாரிடம் இருக்கும்?

கேள்வி: ஹட்டனில் முகாமைத்துவ டிப்ளோமா படிக்கிறேன். கருத்திட்டத்தின் (project) வாழ்க்கை வட்டத்துக்கு நான்கு கட்டங்கள் என்கிறார் விரிவுரையாளர். என் குறிப்பில் தொடக்கம், திட்டமிடல், நிறைவேற்றல், கண்காணிப்பு, நிறைவு என்று ஐந்து இருக்கின்றன. எது சரி? எங்கள் தோட்டத்து இளைஞர் மன்றம் வாசிகசாலை கட்டப் போகிறது. நான்தான் செயலாளர். படித்ததை அதில் எப்படிப் பொருத்துவது?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: இரண்டும் சரிதான் மகள், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நான்கு என்பது வேலை கடந்து போகும் காலங்கள்: ஆரம்பித்தல், ஒழுங்குபடுத்தித் தயாராதல், செய்தல், முடித்தல். ஐந்து என்பது அந்த ஒவ்வொரு காலத்துக்குள்ளும் திரும்பத் திரும்ப வரும் காரியங்கள். 1969ல் தொடங்கிய பி.எம்.ஐ. (கருத்திட்ட முகாமைத்துவ நிறுவனம்) என்ற அமெரிக்க அமைப்பு அவற்றைக் கட்டங்கள் என்று சொல்வதில்லை, செயன்முறைத் தொகுதிகள் என்றே சொல்லிவந்திருக்கிறது. கூரை வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பேசித் தொடங்குகிறோம், தகரம் எத்தனை என்று கணக்குப் பார்க்கிறோம், போடுகிறோம், ஒழுகுகிறதா என்று பார்க்கிறோம், மேசன் பாஸுக்குக் கூலி கொடுத்து முடிக்கிறோம். ஐந்தும் அதற்குள்ளேயே வந்துவிட்டன. கண்காணிப்பு நான்காவதாக எழுதியிருப்பதால் நான்காவதாகச் செய்வது என்று எண்ணாதீர்கள். அது முதல் நாளே தொடங்கிவிடும்.

நம் தோட்டத்தில் தினமும் கொழுந்து எடுப்பது கருத்திட்டம் அல்ல. அதற்கு முடிவு கிடையாது. ஒரு தேயிலை மலையை மீள்நடுகை செய்வது கருத்திட்டம். கிழட்டுச் செடிகளைப் பிடுங்கிய உடனே கன்று வைப்பதில்லை. குவாத்தமாலா புல்லை நட்டு, 18 முதல் 24 மாதம் வரை மண்ணைத் தேற்றுகிறார்கள். வெளியூர்க்காரர் பார்த்தால் மலையைச் சும்மா போட்டிருக்கிறார்கள் என்பார். திட்டமிடும் காலமும் இப்படித்தான். பார்ப்பவருக்கு ஒன்றும் நடக்காதது போலவே இருக்கும். மன்றத்துப் பையன்கள் "எப்போது கல் இறக்குவது?" என்று அவசரப்படுத்துவார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.

அந்தத் திட்டமிடும் காலத்தில் உங்களுக்கு நிறைய வேலை இருக்கிறது. தோட்டக் காணி பெரும்பாலும் அரசாங்கத்துடையது, 1992க்குப் பிறகு கம்பெனிகளின் நிர்வாகத்தில் இருக்கிறது. தோட்டத்தை நடத்தும் துரை வாயால் "சரி" சொன்னது போதாது, கடிதம் வாங்குங்கள். பிரதேச சபையிலும் விசாரியுங்கள். அந்த இடம் மண்சரிவு அபாயமில்லாததா என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்டாக வேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் தொழிலாளர் குடியிருந்த லயன்கள் மண்ணுக்குள் போனதைப் பார்த்த நாம் இதைச் சும்மா ஒரு படிவமாக நினைக்கவே கூடாது.

அப்புறம் மழை. உங்கள் பக்கம் மே மாதத்திலிருந்து தென்மேல் பருவமழை காற்றோடு அடிக்கும். ஜனவரியில் அத்திவாரம் வெட்டினால் சித்திரை வருஷத்துக்கு முன் கூரை ஏறிவிட வேண்டும். மழை அடிக்கும் பக்கம் ஜன்னல் வேண்டாம் என்று இப்போது தோன்றினால் படத்தில் அழித்து வரையலாம். சுவர் எழும்பிய பிறகு தோன்றினால் கல்லை உடைக்க வேண்டும், அதற்கும் கூலி. வேலை முன்னேற முன்னேற மாற்றத்தின் செலவு ஏறும் என்று உங்கள் பாடத்தில் வருவது இதுதான்.

கடைசிக் கட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன். தொழினுட்ப உத்தியோகத்தராக இருந்தபோது ஒரு டிவிஷனுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வேலையைப் பார்த்தேன். மேலே ஊற்று, நடுவில் தாங்கி, கீழே லயனுக்கு ஒரு பீலி. குறித்த திகதிக்குள் முடித்தோம். பீலியில் தண்ணீர் விழுந்ததும் ஒரு பாட்டி இரண்டு கையையும் ஏந்தி முகம் கழுவியது இன்னும் கண்ணில் இருக்கிறது. விழா நடந்தது, படம் எடுத்தோம், நான் அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

ஒன்றரை வருஷம் கழித்து அந்த வழியாகப் போனபோது பீலி காய்ந்து கிடந்தது. பெண்கள் பழையபடி குடத்தோடு ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தாங்கியின் வாயில் சருகும் சேறும் அடைத்திருந்தன. அரைநாள் வேலை. ஆனால் வால்வைப் பூட்டினால்தான் தாங்கிக்குள் இறங்கலாம், வால்வைத் திருப்பும் இரும்புச் சாவி அங்கே யாரிடமும் இல்லை. அது என் அலுவலக லாச்சியில் இருந்தது. மறுநாளே எடுத்துப்போய்க் கொடுத்தேன். அந்தப் பெண்களிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நாங்கள் கட்டினோமே தவிர, அவர்கள் கையில் கொடுக்கவில்லை.

அதனால் மகள், ஒப்படைக்கும் நாளையும் இப்போதே திட்டத்தில் எழுதுங்கள். ஒரு சீ.ஆர். கொப்பி போதும். சாவி யாரிடம், மின்சாரக் கட்டணம் யார் கட்டுவது, தகரம் பறந்தால் எந்தப் பணத்தில் போடுவது, வரவு செலவு மீதி எவ்வளவு, எந்த பாஸ் எந்த வேலையைச் செய்தார், எல்லாம் அதில் இருக்கட்டும். மன்றத்து நிர்வாகம் வருஷா வருஷம் மாறும், நீங்களும் படிப்பு முடிந்து கொழும்புக்குப் போகலாம். பொறுப்பெடுப்பவர் கையெழுத்துப் போட்ட பிறகு சாவியைக் கொடுங்கள். இன்னொரு சாவி வெட்டி, வாசிகசாலைக்குப் பக்கத்து லயனில் எப்போதும் ஆள் இருக்கும் ஒரு வீட்டிலும் வையுங்கள்.