கட்டளைவரியில் தரவுத்தளக் காப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மின்வெட்டும் மழையும் மாறிமாறி வரும் இந்தக் காலத்தில் வந்து சேர்ந்த கேள்விகளுள் பெரும்பாலானவை மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தைப் பற்றியவை. ஆகையால் இம்முறை தரவுத்தளத்தின் உள்ளடக்கத்தை ஒரு கோப்பாக ('டம்ப்') எடுத்துத் தரும் மைஎஸ்கியூஎல்டம்ப் என்ற கருவியையே மையமாக வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (சம்மாந்துறை): எங்கள் அரிசி ஆலையின் கணக்கு ஒரு விண்டோஸ் கணினியில் இருக்கிறது. பவர்ஷெல் என்ற கட்டளைத் திரையில் டம்ப் எடுத்து, வேறொரு கணினியில் ஏற்ற முயன்றபோது முதல் வரியிலேயே பிழை காட்டுகிறது. கோப்பைத் திறந்து பார்த்தால் தமிழ்ப் பெயர்களும் சிதைந்திருக்கின்றன. தரவுத்தளம் பழுதாகிவிட்டதா?

தரவுத்தளத்தில் பழுதில்லை, கோப்பை எழுதிய முறையில்தான் பழுது. விண்டோஸுடன் கூடவே வரும் பவர்ஷெல் 5.1 பதிப்பில் '>' குறியால் கருவியின் வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பினால், கருவி தரும் பைட்டுகள் அப்படியே கோப்புக்குப் போவதில்லை. பவர்ஷெல் அவற்றைத் தன் போக்கில் எழுத்துகளாக வாசித்து, யூடிஎஃப்-16 என்ற எழுத்துக் குறிமுறையில் திரும்ப எழுதுகிறது. அந்தக் கோப்பை மைஎஸ்கியூஎல் ஏற்காது. தமிழுக்கு நேர்வது இன்னும் மோசம். யூடிஎஃப்-8 குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டுகள் தேவை. 'சம்பா' என்ற சிறிய சொல்லே ச, ம, புள்ளி, ப, கால் என ஐந்து குறியீடுகளாகி 15 பைட்டுகளைப் பிடிக்கிறது. அந்தப் பதினைந்தையும் தனித்தனி எழுத்தாக வாசித்தால் என்ன மிஞ்சும் என்பதை நீங்களே திரையில் கண்டிருக்கிறீர்கள். அந்தக் கோப்பைச் சீர்செய்ய முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். மூலத் தரவுத்தளம் நலமாக இருக்கும்போதே புதிதாக டம்ப் எடுங்கள். '>' குறிக்குப் பதிலாக 'ரிசல்ட்-ஃபைல்' என்ற தெரிவில் கோப்பின் பெயரைக் கொடுத்தால் கருவியே நேரடியாக எழுதிக்கொள்ளும். பழைய கறுப்புத் திரையான கொமாண்ட் ப்ரொம்ட்டில் '>' குறி இந்தச் சிக்கலைத் தருவதில்லை.

கேள்வி (செங்கலடி): மருந்துக் கடையில் பகல் வேளையில் டம்ப் ஓடினால் பில் போட முடியாமல் திரை உறைந்து நிற்கிறது. இரவில் மட்டும்தான் எடுக்க வேண்டுமா?

தேவையில்லை. இயல்பான அமைப்பில் கருவி அட்டவணைகளைப் பூட்டிவிட்டு வாசிப்பதால், எழுத வருபவர்கள் காத்திருக்க நேர்கிறது. 'சிங்கிள்-ட்ரான்ஸாக்ஷன்' என்ற தெரிவைச் சேர்த்தால், டம்ப் தொடங்கிய கணத்தில் தரவு இருந்த நிலையே கோப்பில் பதியும். அதற்குப் பின் போடப்படும் பில்கள் தடையின்றி நடக்கும், ஆனால் அந்தக் கோப்பில் வரமாட்டா. இது இன்னோடிபி என்ற சேமிப்பு வகையிலான அட்டவணைகளுக்கே பொருந்தும். பழைய மென்பொருள்கள் சிலவற்றில் மைஐஎஸ்ஏஎம் வகை அட்டவணைகள் இன்னும் இருக்கின்றன. அவற்றுக்கு இந்தத் தெரிவு எந்த உத்தரவாதமும் தராது என்பதால் முதலில் வகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். டம்ப் ஓடும்போது மென்பொருளைப் புதுப்பிக்கவும் வேண்டாம். அட்டவணையின் அமைப்பு நடுவில் மாறினால் டம்ப் முறிந்துபோகலாம்.

கேள்வி (ஏறாவூர்): கைப்படக் கொடுத்தால் வேலை செய்யும் கட்டளை, குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் லினக்ஸ் குரோனில் போட்டால் ஓடவில்லை. கோப்பின் பெயரில் திகதி வரும்படி எழுதியிருக்கிறேன்.

திகதிக்காக நீங்கள் எழுதிய '%' குறிதான் காரணமாக இருக்க வேண்டும். குரோன் அட்டவணையில் அந்தக் குறி புதிய வரியாகக் கொள்ளப்படும். முன்னால் ஒரு பின்சாய்கோடு இடுங்கள், அல்லது கட்டளையைத் தனி ஸ்கிரிப்ட்டில் எழுதி அதை மட்டும் குரோனில் அழையுங்கள். இரண்டாவது வழியே எனக்கு உவப்பானது. கடவுச்சொல்லைக் கட்டளையிலேயே எழுதும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்; அதை ஓர் அமைப்புக் கோப்பில் வைத்து, உரிமையாளர் மட்டும் வாசிக்கும்படி 600 அனுமதி கொடுத்தால் போதும்.

கேள்வி (கல்முனை): எங்கள் ஹாட்வெயார் கடையில் ஒவ்வொரு இரவும் சுருக்கப்பட்ட கோப்பு ஒன்று தவறாமல் உருவாகிறது. ஆனால் எல்லாக் கோப்புகளும் 20 பைட் என்றே காட்டுகின்றன. நன்றாகச் சுருங்கிவிட்டதா?

இல்லை; 20 பைட் என்பது வெறுமையைச் சுருக்கியதால் கிடைத்த அளவு. மைஎஸ்கியூஎல்டம்ப் தோற்றுப்போய் ஒன்றும் தராதபோதும், ஒரு கருவியின் வெளியீட்டை அடுத்ததற்குக் கடத்தும் குழாய்க்கு ('|' குறி) அப்பால் காத்திருக்கும் ஜீசிப் என்ற சுருக்கும் கருவி தன் வேலையைச் சரியாக முடித்து வெற்றி என்றே அறிவிக்கும். ஸ்கிரிப்ட்டும் அந்தக் கடைசி விடையையே நம்பும். பாஷ் ஸ்கிரிப்ட்டின் தலைப்பில் 'பைப்ஃபெயில்' அமைப்பை இட்டால் முன்னால் நேர்ந்த தோல்வி மறையாது. அத்துடன், முழுமையாக முடிந்த டம்ப்பின் கடைசி வரியில் வேலை நிறைவுற்றது என்ற குறிப்பும் திகதியும் நேரமும் இருக்கும். அந்த வரி இல்லாத கோப்பை, அது எத்தனை மெகாபைட்டாக இருந்தாலும், நான் காப்பாகக் கணக்கில் எடுப்பதில்லை. இப்போதைய தோல்விக்குக் காரணம் என்னவென்று நீங்கள் எழுதவில்லை; கட்டளையைச் சுருக்காமல் ஒருமுறை கைப்பட ஓட்டினால் பிழைச்செய்தி கண்ணில் படும்.

கேள்வி (காத்தான்குடி): எடுத்த காப்பு வேலை செய்கிறதா என்று அறிய அதை மீட்டுப் பார்க்கச் சொல்கிறீர்கள். அதே சேர்வரில் 'சோதனை' என்று வேறொரு தரவுத்தளம் உருவாக்கி அதில் ஏற்றினால் போதுமா?

போதும், ஆனால் ஏற்றுவதற்கு முன் கோப்பின் தொடக்க வரிகளை வாசித்தாக வேண்டும். 'டேட்டாபேஸஸ்' அல்லது 'ஓல்-டேட்டாபேஸஸ்' என்ற தெரிவுடன் எடுத்த கோப்பில், மூலத் தரவுத்தளத்துக்கு மாறச் சொல்லும் 'யூஸ்' கட்டளை பொதிந்திருக்கும். நீங்கள் 'சோதனை' என்று பெயர் கொடுத்தாலும் அந்தக் கட்டளை உங்களை உண்மைத் தரவுத்தளத்துக்கே கொண்டுபோய்விடும். அடுத்து வரும் வரிகள் ஒவ்வோர் அட்டவணையையும் அழித்துவிட்டுப் பழைய தரவை நிரப்பும். பல ஆண்டுகளுக்கு முன் நானே இப்படி ஒரு வாடிக்கையாளரின் முற்பகல் விற்பனை முழுவதையும் பலிகொடுத்து, அன்று மாலை வரை காகிதப் பில்களைப் பார்த்துத் திரும்பப் பதிந்தேன். அன்றுமுதல் சோதனையை என் மடிக்கணினியில்தான் செய்கிறேன். நீங்களும் வேறு கணினியில் செய்வதே நல்லது.

ஏற்றியபின் அட்டவணைகளை எண்ணுவதுடன் நிறுத்தாமல், நேற்றைய கடைசி பில் இருக்கிறதா என்று தேடுங்கள். சேமித்த செயல்முறைகளும் நேரப்படி ஓடும் நிகழ்வுகளும் கேட்டால் மட்டுமே டம்ப்பில் சேரும். 'ரூட்டீன்ஸ்', 'ஈவென்ட்ஸ்' என்ற இரு தெரிவுகள் அதற்கானவை. தரவு மாறும்போது தானாக ஓடும் ட்ரிகர்கள் கேட்காமலே வந்துவிடும்.

கேள்வி (அக்கரைப்பற்று): எங்களிடம் இருப்பது போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற வேறொரு தரவுத்தளம். இவை பொருந்துமா?

கருவி வேறு. பிஜி-டம்ப்பை 'கஸ்டம்' வடிவில் எடுத்து, பிஜி-ரீஸ்டோர் மூலம் ஏற்றுங்கள்; பயனர் கணக்குகள் அதில் வராததால், அவற்றைப் பிஜி-டம்ப்-ஓல் கொண்டு தனியாக எடுக்க வேண்டும்.

கேள்வி (கல்லடி): தினமும் பென்ட்ரைவ் ஒன்றில் பிரதி எடுத்து மேசை லாச்சியில் வைக்கிறேன். அது போதாதா?

வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்கள். 2004 டிசம்பர் 26 அன்று அந்தக் கரையில் கணினியும் லாச்சியும் ஒன்றாகவே நீரில் போயின. 2011 ஜனவரி வெள்ளமும் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களைப் பெரிதும் பாதித்தது. பென்ட்ரைவ் இருக்கட்டும்; இன்னொரு பிரதியைக் கடவுச்சொல்லால் குறியாக்கம் செய்து இணையச் சேமிப்பில் ஏற்றுங்கள், அல்லது வாரம் ஒருமுறை கரையிலிருந்து தள்ளி இருக்கும் உறவினர் வீட்டுக்கு ஒரு வன்தட்டைக் கொடுத்தனுப்புங்கள். குறியாக்கக் கடவுச்சொல்லை மட்டும் அந்தக் கணினியிலேயே எழுதி வைக்க வேண்டாம்.