குடியரசு நாள்: பெயரைப் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: ஜனவரி 26 அன்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா 'சுதந்திர தின நல்வாழ்த்துகள்' என்று போடுகிறார். எப்படித் திருத்துவது?

பதில்: அவசரப்படாதீர்கள். 1930-களில் அவர் சொல்வதுதான் சரி. 1929 டிசம்பரில் லாகூரில் கூடிய காங்கிரஸ் பூரண சுயராஜ்யத் தீர்மானம் போட்டது. அடுத்த மாதம் 26ஆம் தேதியைச் சுதந்திர நாளாகக் கொண்டாடினார்கள். 1947 வரை அந்தத் தேதிக்கு அதுதான் பெயர். விடுதலை ஆகஸ்ட் 15இல் வந்துவிட, பழைய தேதியை விட மனமில்லை. 1949 நவம்பர் 26இலேயே ஏற்கப்பட்ட அரசியலமைப்பு முழுமையாக நடைமுறைக்கு வர ஜனவரி 26 வரை காத்திருந்தது அதனால்தான். இதைச் சித்தப்பாவிடம் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ளாமல் திருத்திக்கொள்வார்.

கேள்வி: 1947இலேயே சுதந்திரம் வந்துவிட்டதே, 1950இல் புதிதாக என்ன நடந்தது?

பதில்: ராஜா போனார். ஆகஸ்ட் 15க்குப் பிறகும் நாம் டொமினியன். சட்டப்படி ஆறாம் ஜார்ஜ்தான் அரசர். அவருடைய பிரதிநிதியாக முதலில் மவுண்ட்பேட்டன், பிறகு ராஜாஜி, கவர்னர் ஜெனரலாக இருந்தார்கள். 1950 ஜனவரி 26 அன்று அந்தப் பதவியே ஒழிந்து, ராஜேந்திர பிரசாத் குடியரசுத் தலைவரானார். நாட்டின் தலைமை வாரிசாக வராது என்பதே குடியரசு. மக்களாட்சி வேறு. பிரிட்டனிலும் ஜப்பானிலும் தேர்தல் ஒழுங்காக நடக்கிறது, ஆனால் அவை குடியரசுகள் அல்ல. பள்ளி மேடைகளில் இரண்டையும் போட்டுக் குழப்பும்போது எனக்குக் காது கூசும்.

கேள்வி: 'குடியரசு' 1950இல் உண்டாக்கிய சொல்லா?

பதில்: இல்லை. ஈரோட்டிலிருந்து பெரியார் 1925 மே 2 அன்று தொடங்கிய வார இதழின் பெயரே 'குடி அரசு'. 'படைகுடி கூழ்அமைச்சு நட்புஅரண்' என்று அரசனுக்கு இருக்கவேண்டிய ஆறையும் குறள் அடுக்கும்போது, குடி அவனுக்கு உரியவற்றில் ஒன்று. பிற்காலச் சொல்லில் அந்தக் குடிக்கே அரசு வந்துவிட்டது. மராத்தியர் 'பிரஜாசத்தாக் தின்' என்பதும் வங்காளிகள் 'பிரஜாதந்த்ர திபஸ்' என்பதும் நமக்கு நெருக்கம். இந்தியில் 'கணதந்த்ர திவஸ்', கன்னடத்தில் 'கணராஜ்யோத்ஸவ'. கணம் என்றால் கூட்டம். வைசாலியின் லிச்சவிகளைப் போலக் கூடிப் பேசி ஆண்ட பழைய கணங்களின் வாடை அதில் இருக்கிறது. மலையாளிகள் 'ரிப்பப்ளிக் தினம்' என்று சுருக்கமாக முடித்துக்கொண்டார்கள்.

கேள்வி: 'குடியரசு தினம்', 'குடியரசுத் தினம்' – எது சரி?

பதில்: 'குடியரசுத் தலைவர்' என்று ஒற்றுப் போடுகிற நாம் தினத்துக்கு மட்டும் விட்டுவிடுகிறோம். விதிப்படி இரண்டாவது, பழக்கத்தில் முதலாவது. தகராறே வேண்டாமென்றால் 'குடியரசு நாள்' என்று எழுதுங்கள், ஒற்றுக்கு வேலையே இல்லை. என் ஓட்டும் அதற்குத்தான்.

கேள்வி: அன்று மாநிலத் தலைநகரில் கொடியேற்றுவது முதல்வரா, ஆளுநரா?

பதில்: ஆளுநர். முதல்வருக்கு ஆகஸ்ட் 15. அந்த உரிமையை 1974இல் கருணாநிதி கேட்டு வாங்கினார். அதற்குமுன் இரண்டு நாளும் ஆளுநருக்கே.

கேள்வி: 2025இல் கொண்டாடியது 75ஆவதா, 76ஆவதா?

பதில்: 76ஆவது. 1950 ஜனவரி 26தான் முதலாவது. 2025இல் நிறைந்தது 75 ஆண்டு. பேனர் அடிக்கக் கொடுக்குமுன் ஆண்டிலிருந்து 1949ஐக் கழித்துப் பாருங்கள்.