+4, −1 மைக்ரோகூலூம்: மின்புலம் எந்த இடத்தில் சுழியாகும்?

இரண்டு புள்ளி மின்துகள்களுக்கும் இடையே 30 செ.மீ.; புலம் சுழியாகும் இடம் −1-இலிருந்து எவ்வளவு தொலைவு என்பதற்கு உங்களுக்கு விடை 10 செ.மீ. என்று வருகிறது, விடைக்குறிப்பில் 30 செ.மீ. என்று இருக்கிறது, எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். விடைக்குறிப்புதான் சரி. அந்த 10 எங்கிருந்து வந்தது என்பதுதான் பார்க்க வேண்டியது.

சூத்திரத்தைத் தொடும் முன் திசையைப் பாருங்கள். கோட்டின் இடது முனையில் +4, வலது முனையில் −1. நடுவில் ஒரு நேர்மின் சோதனைத் துகளை வைத்தால் +4 அதை வலப்பக்கம் தள்ளும். −1 அதை வலப்பக்கமே இழுக்கும். இரண்டும் கூடுமே தவிரக் கழியாது. +4-க்கு இடப்பக்கம் திசைகள் எதிரெதிர்தான், ஆனால் அங்கே பெரிய மின்னூட்டம் கிட்டத்திலும் சிறியது எட்டவும் இருப்பதால் ஈடாகவே ஆகாது. மிச்சம் −1-க்கு வலப்பக்கம் மட்டும்.

புலத்தின் அளவு மின்னூட்டத்தைத் தொலைவின் வர்க்கத்தால் வகுத்ததற்கு ஏற்ப இருக்கும்; −1-இலிருந்து தொலைவு த என்றால், 4/(30+த)² = 1/த². இதை விரித்து இருபடிச் சமன்பாடாக்குவது வீண் வேலை; இருபுறமும் வர்க்கமூலம் எடுத்தால் 30 + த = 2த. ஆக, த = 30 செ.மீ.

சரிபார்க்க: +4 இருப்பது 60 செ.மீ. தள்ளி. 9×10⁹ × 4×10⁻⁶ ÷ 0.36 = 10⁵ நியூட்டன்/கூலூம். −1-க்கு 9×10⁹ × 10⁻⁶ ÷ 0.09, அதுவும் 10⁵. செ.மீ.-ஐ மீட்டராக்க மறந்தால் இந்த இடத்தில் பத்தாயிரம் மடங்கு பிசகும்.

வர்க்கமூலத்தில் எதிர்க்குறியை எடுத்தால் த = −10 வரும். அதாவது இரண்டுக்கும் நடுவே, −1-இலிருந்து 10 செ.மீ. அங்கே இரு புலங்களின் அளவும் சமம், ஆளுக்கு 9×10⁵. திசையும் ஒன்றே என்பதால் மொத்தம் 18×10⁵. சமன்பாட்டுக்கு அளவு மட்டும்தான் தெரியும், திசை தெரியாது.

புலம் சுழி என்றால் மின்னழுத்தமும் சுழி என்று எழுதிவிடாதீர்கள். மின்னழுத்தத்தில் தொலைவால் மட்டுமே வகுக்கிறோம், வர்க்கத்தால் அல்ல; அதே 30 செ.மீ. புள்ளியில் 60,000 − 30,000 = 30,000 வோல்ட் இருக்கிறது. இந்தக் கோட்டில் மின்னழுத்தம் சுழியாவது −1-க்கு உட்புறம் 6 செ.மீ.-இலும் வெளிப்புறம் 10 செ.மீ.-இலும்.

அந்தப் புள்ளியில் துகள் நிலையாக நிற்குமா என்பது அடுத்த கேள்வியாக வரக்கூடும். நிற்காது. நேர்மின் துகளைக் கோட்டின் வழியே சற்று வெளியே நகர்த்தினால் +4 மிஞ்சி இன்னும் தள்ளிவிடும். உள்ளே நகர்த்தினால் −1 இழுத்துக்கொள்ளும்.