மஜ்ஜை எடுக்கும் முன் மகளை வீட்டுக்கு அழையுங்கள்

கேள்வி: என் 13 வயது மகனுக்குக் கடுமையான ஏபிளாஸ்டிக் அனீமியா, அதாவது எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை போதுமான ரத்த அணுக்களை உருவாக்காத நோய். ஐந்து மாதமாக ரத்தமும் தட்டணுக்களும் ஏற்றி வருகிறோம். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைதான் நல்ல வழி என்கிறார்கள். கடவுள் புண்ணியத்தில் என் 7 வயது மகளின் மஜ்ஜை முழுமையாகப் பொருந்திவிட்டது. அடுத்த மாதம் சிகிச்சை. முதுகில் ஊசி குத்தினால் பெண் பிள்ளை பின்னாளில் நடக்க முடியாமல் போய்விடுவாள் என்று மாமியார் தடுக்கிறார். மகளால் பிரச்சினை இல்லை. அண்ணன் நோயில் விழுந்ததிலிருந்து என் நாத்தனார் வீட்டில்தான் இருக்கிறாள், எந்தத் தொந்தரவும் தருவதில்லை. சிகிச்சைக்கு முதல் நாள் போய் அழைத்து வந்துவிடுவோம். மாமியாரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: உங்கள் மாமியாருக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஊசி முதுகெலும்புக்குப் போவதில்லை. மயக்க மருந்து கொடுத்து, இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி எடுப்பார்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். குத்திய இடம் சில நாள் வலிக்கும். எடுத்த மஜ்ஜை சில வாரங்களில் உடம்பில் மறுபடியும் உருவாகிவிடும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள், நேராகவே கேட்கட்டும். குடும்பத்தில் அந்தப் பெண்ணின் உடம்பைப் பற்றிக் கவலைப்பட்டவர் அவர் ஒருவர்தான் என்று தெரிகிறது. விவரம் தவறாக இருக்கலாம், கவலை தவறில்லை.

இனி உங்களிடம் வருகிறேன். மகளைப் பற்றி மூன்றே வாக்கியம் எழுதியிருக்கிறீர்கள்: நாத்தனார் வீட்டில் இருக்கிறாள், தொந்தரவு தருவதில்லை, முதல் நாள் அழைத்து வருவோம். ஏழு வயதுக் குழந்தை அம்மாவை விட்டு ஐந்து மாதம் இருந்துகொண்டு எந்தத் தொந்தரவும் தராமல் இருக்கிறாள் என்றால் அது எனக்கு நல்ல செய்தியாகப் படவில்லை. அழுதால் யாருக்கும் நேரமில்லை என்று புரிந்துகொண்ட பிள்ளைதான் அப்படி இருக்கும். அவளை எதற்காக அனுப்பினீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. வெள்ளணு குறைந்த பையன், பள்ளியிலிருந்து காய்ச்சல் சளியைக் கொண்டுவரும் தங்கை, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலையும் பெற்றோர். அனுப்பியதைக் குறை சொல்லவில்லை. அவளுடைய மஜ்ஜை தேவைப்படும்போது மட்டும் கூட்டிவர நினைக்கிறீர்களே, அதைத்தான் சொல்கிறேன். கடையில் வாங்கிவர வேண்டிய சாமானா அவள்?

அன்றைய தினம் என்ன நடக்கும் என்று நீங்கள் யோசித்துப் பார்த்ததாகவே தெரியவில்லை. ஆபரேஷன் தியேட்டருக்குள் போகப்போவது உங்கள் மகள். மகனுக்கு அந்த மஜ்ஜை, இதுவரை ஏற்றிய ரத்தத்தைப் போலவே, குழாய் வழியாக நரம்பில் இறங்கும். அவன் படும் கஷ்டமெல்லாம் அதற்கு முந்தைய நாட்களின் மருந்திலும் பிந்தைய வாரங்களிலும். அன்று வலியோடு கண் விழிக்கப்போவது அவள். அப்போது பக்கத்தில் யார் இருப்பார்கள்? உங்கள் கடிதத்தில் அதற்குப் பதில் இல்லை. நீங்கள் இருக்க வேண்டும். மகனோடு அப்பா இருக்கட்டும்.

உடம்புக் கணக்கும் இருக்கிறது. எவ்வளவு மஜ்ஜை தேவை என்பதை வாங்குகிறவனின் எடை தீர்மானிக்கிறது. எவ்வளவு எடுக்கலாம் என்பதற்குக் கொடுப்பவளின் எடைதான் வரம்பு, பொதுவாகக் கிலோவுக்கு 20 மி.லி. ஏழு வயதுப் பெண் 20 கிலோ இருந்தால் அதிகபட்சம் 400 மி.லி. தங்கை சிறியவள், அண்ணன் பெரியவன் என்பதால் அந்த வரம்புவரை எடுக்க வேண்டி வரலாம். அவளுக்கு இரும்புச்சத்து தர வேண்டுமா, ரத்தம் ஏற்ற நேருமா, மயக்க மருந்தில் அவளுக்கு என்ன ஆபத்து, இதையெல்லாம் இப்போதே கேளுங்கள். மகனுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவரிடம் மட்டும் கேட்காதீர்கள். அவர் கவனமெல்லாம் மகன் மீது, இருக்கவும் வேண்டும். மகளுக்கென்று தனியாக ஒரு மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2010இல் இதற்கு நிபந்தனைகள் வகுத்தது. சமமாகப் பொருந்தும் பெரியவர் உறவில் இருக்கக்கூடாது, பிள்ளை தன் அளவில் சம்மதிக்க வேண்டும் என்பவற்றோடு, கொடுக்கும் பிள்ளைக்கும் வாங்கும் பிள்ளைக்கும் நெருங்கிய பாசம் இருக்க வேண்டும் என்பதும் அதில் ஒன்று. இங்கிலாந்தில், தானே முடிவெடுக்க முடியாத வயதுக் குழந்தையிடம் மஜ்ஜை எடுக்க ஓர் ஆணையத்தின் அனுமதியே வேண்டும். அதற்கு முன் ஒருவர் அந்தக் குழந்தையோடு உட்கார்ந்து பேசுவார். உங்கள் வீட்டுக்கு அப்படி ஒருவர் வந்தால், அண்ணனைக் கடைசியாக எப்போது பார்த்தாய் என்று கேட்பார். அவள் என்ன சொல்வாள்?

நான் தானத்துக்கு எதிரியில்லை. உடன்பிறந்தவர்களுக்குள் முழுப் பொருத்தம் கிடைக்க நான்கில் ஒரு வாய்ப்புதான். கிடைத்திருக்கிறது. தங்கை அண்ணனுக்குக் கொடுக்க வேண்டும் என்றே நினைக்கிறேன், கூடப்பிறந்தவர்களுக்கு அந்தக் கடமை உண்டு. ஆனால் கடமையைக் கேட்பதற்கு முன் அவளை அந்த வீட்டுப் பிள்ளையாக வைத்திருக்க வேண்டும். அது உங்கள் கடமை, அவளுடையதைவிட முந்தியது.

இந்த வாரமே அழைத்து வாருங்கள். தொற்று பயமா? மருத்துவரிடம் வழி கேளுங்கள். முகக்கவசம், கை கழுவுதல், சில வாரம் பள்ளிக்கு விடுப்பு என்று ஏதாவது சொல்வார். அண்ணனும் தங்கையும் ஒரே அறையில் உட்கார்ந்து சண்டை போடட்டும். பிறகு உண்மையைச் சொல்லுங்கள்: தூங்க வைப்பார்கள், எழுந்தால் இடுப்பு வலிக்கும், அம்மா இருப்பேன். சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்று பேரம் பேசாதீர்கள். அண்ணனைக் காப்பாற்றப்போகிற தெய்வம் என்று உறவினர்கள் யாரும் அவள் தலையில் கை வைக்கவும் விடாதீர்கள். புது மஜ்ஜை ஒட்டாமல் போகலாம், ஒட்டினாலும் அதன் அணுக்கள் அவன் உடம்பையே தாக்கலாம். அப்போது தன் ரத்தம்தான் கெட்டது என்று அந்தக் குழந்தை நினைத்துக்கொள்ளும். கொடுப்பதோடு உன் வேலை முடிந்தது, மற்றது டாக்டர் பொறுப்பு என்று முன்பே சொல்லி வையுங்கள், பின்னும் சொல்லுங்கள்.

இதையெல்லாம் மகனுக்கு மருந்து தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டும். அந்த மருந்து அவனிடம் மிச்சமிருக்கும் மஜ்ஜையையும் எதிர்ப்புச் சக்தியையும் ஒடுக்கிவிடும். அதன்பின் அவள் பயந்து பின்வாங்கினால் அவன் உயிருக்கே ஆபத்து, அவளிடம் சம்மதம் கேட்பதற்கும் அர்த்தம் இருக்காது. எல்லாம் தெரிந்த பிறகும் மாட்டேன் என்று அழுதால் எனக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டாம். அன்றே மருத்துவரிடம் சொல்லி, மருந்தால் மட்டும் சிகிச்சை செய்ய முடியுமா, பாதிப் பொருத்தமுள்ள அப்பாவிடமிருந்து எடுக்கலாமா என்று கேளுங்கள். அவள் எதிரில் கேளுங்கள்.