என்ஹெச்எல் டிராஃப்டில் முதலில் எடுக்கப்படும் வீரர்கள் ஏன் நீண்ட காலம் ஆடுகிறார்கள்?

டிராஃப்ட் என்பது வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்ஹெச்எல்-இன் அணிகள் ஆண்டுதோறும் இளம் வீரர்களை வரிசைமுறைப்படி தேர்ந்தெடுப்பது. முன்னால் எடுக்கப்படுபவர்களில் பெரும்பாலோருக்கு வயது 18 தான்.

திறமை ஒரு காரணம், சரி. ஆனால் பலர் கவனிக்காதது அணியின் பொறுமை. ஜோ தார்ன்டனைப் பாருங்கள். 1997-இல் பாஸ்டன் அணி முதல் ஆளாக எடுத்த அவர், முதல் பருவத்தில் 55 ஆட்டங்களில் அடித்தது வெறும் 3 கோல். ஏழாம் சுற்றில் வந்த பையன் என்றால் அப்போதே கீழ்நிலை லீகுக்கு மூட்டை கட்டியிருப்பான். தார்ன்டனுக்கோ அவகாசம் கிடைத்தது. மொத்தம் 1,714 ஆட்டங்கள் ஆடிவிட்டுத்தான் ஓய்ந்தார். வகுப்பில் முதல் ரேங்க் மாணவன் மார்க் குறைந்தால் ஆசிரியர் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார், கடைசி பெஞ்ச் மாணவனுக்குத் திட்டுதான் விழும். அதே கதைதான் இங்கும். என்னைக் கேட்டால், இந்த இரண்டாவது வாய்ப்புதான் பெரிய சொத்து.

அதற்காக முதலிடம் என்றாலே நீண்ட ஆயுள் உறுதி என்று நினைத்துவிடாதீர்கள்: 2012-இன் முதல் தேர்வான நெயில் யாகுபோவ் என்ஹெச்எல்-இல் ஆடியது 350 ஆட்டங்கள்தான், 1996-இல் 56-ஆவதாக எடுக்கப்பட்ட ஸ்டெனோ சாராவோ 1,680.