விட்பி மடமும் தலையில்லாத பாம்புகளும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

போன மாசம் இங்கிலாந்துல கடலோரத்துல இருக்கற விட்பிங்கற ஊருக்குப் போயிருந்தேன். 199 படி ஏறிப் போனா மேல இடிஞ்ச கிறிஸ்தவ மடம், கீழ கடல். ஊர் பூரா டிராகுலா பொம்மைதான் விக்கறாங்க. ஹில்டான்னு ஒரு மடத்தலைவி அங்க இருந்த பாம்பையெல்லாம் கல்லாக்கிட்டாங்கன்னு ஒருத்தர் சொன்னார். கட்டுக்கதைய எல்லாம் கழிச்சுட்டா அந்த இடத்துல நிஜமா என்னதான் மிஞ்சும்?

லீட்ஸ்ல படிக்கற ஒரு வாசகி

வணக்கம்மா,

டிராகுலாவ வேணா கழிச்சுடலாம், அந்தக் கதைய எழுதின பிராம் ஸ்டோக்கர் 1890ல லீவுக்கு வந்து தங்கினார், 1897ல நாவல் வந்துச்சு, அவ்வளவுதான். பாம்புக் கதைய என்னால கழிக்க முடியாது, ஏன்னா அந்தக் கல்லு நிஜம். அந்தக் கடற்கரைப் பாறை சரிய சரிய உள்ளேருந்து சுருள் சுருளா அம்மோனைட் விழும், ஜுராசிக் காலத்து கடல்பிராணி, பாத்தா சுருண்டு படுத்த பாம்பேதான், ஆனா தலை மட்டும் இருக்காது. தலை எங்க போச்சுன்னு யாராவது கேட்டிருப்பாங்க இல்லையா, அதுக்கு பதிலாத்தான் கதை வந்திருக்கும்னு எனக்குத் தோணுது. அப்புறம் கல்லுல தலைய செதுக்கியே வித்திருக்காங்க. அம்மோனைட்ல ஒரு வகைக்கு விஞ்ஞானிகளே ஹில்டோசெரஸ்னு ஹில்டா பேரை வச்சுட்டாங்க. நம்ம வீட்டு பூஜையில இருக்கற சாளக்கிராமமும் அம்மோனைட்தான், கண்டகி ஆத்துல கிடைக்கறது. அங்க பாம்பா தெரிஞ்ச சுருள் இங்க பெருமாளோட சக்கரமா தெரிஞ்சிருக்கு, நினைச்சா எனக்கு சிலிர்க்குது.

நீங்க பாத்த சுவர் ஹில்டா காலத்தது இல்ல. 657ல வட இங்கிலாந்துல இருந்த நார்தம்பிரியா நாட்டு ராஜா ஒஸ்வியு ஆரம்பிச்ச மடத்துக்கு அவங்கதான் முதல் தலைவி, ஆணும் பெண்ணும் சேர்ந்திருந்த மடம், அங்க படிச்ச 5 பேர் பிஷப் ஆனாங்க. அது 9ம் நூற்றாண்டுல அழிஞ்சு, பிரான்ஸ் பக்கத்துலேருந்து நார்மன்கள் படையெடுத்து வந்தப்புறம் திரும்ப எழுந்து, 13ம் நூற்றாண்டுல கட்ட ஆரம்பிச்ச கோயிலோட மிச்சம்தான் இப்ப நிக்கறது. 1539ல இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி மடத்த மூடினார், 1830ல நடு கோபுரம் விழுந்துச்சு, 1914 டிசம்பர்ல ஜெர்மன் கப்பல் சுட்ட குண்டு மேற்கு முகப்புல பட்டுச்சு. மடத்து மணிகள் கடல்ல முங்கிப்போய் இன்னும் அடியில அடிக்குதுன்னு ஊர்ல சொல்றது மூடினதுக்கு அப்புறம் வந்த கதை. மணிச்சத்தம் கேட்டே பழகின ஊரு, பாவம்.

664ல திருச்சபைக்காரங்க கூடின பெரிய கூட்டமும் அங்கதான். ஈஸ்டர் என்னிக்குன்னு ரோம் கணக்கும் அயர்லாந்து வழிக் கணக்கும் ஒத்துப்போகல, ராஜா ஈஸ்டர் விருந்து சாப்பிடுறப்ப அதே வீட்டுல ராணிக்கு ஈஸ்டருக்கு முந்தி விரதம் இருக்கற தவக்காலமே இன்னும் முடியலையாம்! ஹில்டா அயர்லாந்து பக்கம். ராஜா கடைசியில, விண்ணகத் திறவுகோல் ரோம்காரங்க தங்கள் முதல்வரா சொல்ற பேதுரு கையில இருக்கு, அவர பகைச்சுக்க மாட்டேன்னு ரோம் பக்கம் சாஞ்சுட்டார். தோத்தாலும் ஹில்டா மடத்த விட்டுப் போகல, 680ல சாகறவரை அங்கயே இருந்தாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது கேட்மன். மடத்து மாடு மேய்க்கறவர். விருந்துல யாழ் கைமாறி தன் பக்கம் வர்றப்ப பாடத் தெரியாதேன்னு எழுந்து போயிடுவார். ஒரு ராத்திரி தொழுவத்துல தூங்கறப்ப கனவுல ஒருத்தர் வந்து பாடுன்னார், என்ன பாடன்னு கேட்டா, படைப்பைப் பத்திப் பாடுன்னார். பாடிட்டார். காலையில விஷயம் ஹில்டாகிட்ட போச்சு, அவங்க மாட்டுக்காரன்தானேன்னு ஒதுக்கல, மடத்துல சேத்துக்கிட்டாங்க. கேக்க கட்டுக்கதை மாதிரியே இருக்கு இல்ல? ஆனா ஹில்டா செத்து 51 வருஷத்துல, 731ல, பீட்ங்கற துறவி எழுதி முடிச்ச வரலாத்துல இது இருக்கு, அந்தப் பாட்டோட 9 வரியும் இன்னிக்கும் இருக்கு. பேர் தெரிஞ்ச முதல் ஆங்கிலக் கவிஞர் அவர்தான். கனவ கழிச்சுட்டு பாட்ட மட்டும் எப்படிம்மா வச்சுக்கறது?

199 படி முடியற இடத்துல உயரமா ஒரு கல் சிலுவை இருக்கும், மூச்சு வாங்கறதுல கவனிச்சிருக்க மாட்டீங்க. 1898ல கேட்மனுக்காக வச்சது. அதுல அவரும் இருக்கார், ஹில்டாவும் இருக்காங்க. அடுத்த தடவை போறப்ப அதுகிட்ட கொஞ்சம் நின்னுட்டு மேல போங்க.

அன்புடன்,
அக்கா