பிரசவத்தில் ‘குழந்தைக்குத் துடிப்பு குறையுது’ என்று ஆபரேஷன் செய்தார்கள். குழந்தை நன்றாக அழுதது. எங்களை ஏமாற்றிவிட்டார்களா?

தலைப்பிரசவம் போலிருக்கிறது, பில்லைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கிறீர்கள். நான் சென்னையில் லேபர் வார்டு ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். டாக்டர் இல்லை. ‘நர்ஸுக்கு என்ன தெரியும்’ என்று கிளம்புகிறவர்கள் முழுசாகப் படித்துவிட்டுக் கிளம்பட்டும்.

குழந்தை நன்றாக அழுததால் துடிப்பு குறைந்தது பொய்யென்று ஆகிவிடாது. மூச்சு திணறிப் பிறக்கும்வரை காத்திருக்கக் கூடாது என்றுதான் ஆபரேஷனே. ஆனாலும் உங்கள் சந்தேகத்தை ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். வயிற்றில் பெல்ட் கட்டி, குழந்தையின் துடிப்பையும் தாயின் வலியையும் தாளில் கோடாக வரையும் சி.டி.ஜி. மெஷின் பயமுறுத்துகிற பல நேரங்களில் உள்ளே குழந்தை சௌக்கியமாகத்தான் இருக்கும்.

நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை துடித்தால் சரி. வலி ஏறும்போது இறங்கி, வலி விடும்போது ஏறினால் தலை அழுந்துகிறது என்று விட்டுவிடுவோம். வலி உச்சத்துக்குப் போன பிறகு இறங்கத் தொடங்கி, வலி விட்டும் ஏறாமல் இழுத்தால், அதிலும் கோடு நெளிவில்லாமல் தட்டையாக ஓடினால், நஞ்சுக்கொடி வழியாக ஆக்சிஜன் போதவில்லையோ என்று பார்க்க வேண்டும். தாயை இடப்பக்கம் ஒருக்களிக்க வைப்போம், வலி வரவைக்கும் டிரிப்பை நிறுத்துவோம். பனிக்குட நீர் பச்சையாக இருக்கிறதா, அதாவது குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறதா என்று பார்ப்போம். அப்புறமும் துடிப்பு தேறாவிட்டால் ஆபரேஷன் தியேட்டர்தான்.

சிக்கல் இல்லாத பெண்ணுக்கு மெஷினைத் தொடர்ந்து மாட்டி வைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2018இல் சொல்லிவிட்டது. 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை, முக்கும்போது 5 நிமிடத்துக்கு ஒருமுறை, டாப்ளரை (கையில் பிடித்துத் துடிப்பு கேட்கும் சின்னக் கருவி) வைத்து ஒரு முழு நிமிடம் கேட்டால் போதும். தொடர்ந்து மாட்டினால் பிறந்த குழந்தைக்கு வலிப்பு வருவது குறைகிறது, உண்மை. மூளை வாதம் குறையவில்லை, சிசேரியன் கூடுகிறது. ஆனால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்க ஆள் வேண்டுமே! மெஷினுக்கு ஒருமுறை காசு, ஆளுக்கு மாதாமாதம் சம்பளம்.

மெஷின் தலைகீழாகவும் ஏமாற்றும். நான் வேலை பார்த்த தனியார் மருத்துவமனையில் ஒரு ராத்திரி, வியாசர்பாடியிலிருந்து வந்த பெண் முக்கிக்கொண்டிருந்தாள். மெஷினில் 130, அழகான கோடு. டியூட்டி டாக்டர் திருப்தியாக அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். எனக்கு ஒன்று உறுத்தியது: அவள் முக்கும்போதெல்லாம் துடிப்பு ஏறியது. முக்கும்போது குழந்தைக்குப் பெரும்பாலும் இறங்கும், ஏறுவது தாய்க்குத்தான். மணிக்கட்டில் நாடி பிடித்தேன், மெஷினோடு அச்சாக ஒத்துப்போனது. பெல்ட் நகர்ந்து அம்மாவின் துடிப்பைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. டாப்ளரை அடிவயிற்றில் கீழே இறக்கி வைத்தேன். 80.

“மேடம், இது அம்மாவோட பல்ஸ்!” என்று கத்தினேன். தலை நன்றாக இறங்கியிருந்ததால் தலையில் கிண்ணம் பொருத்தி இழுக்கும் வேக்யூம் வைத்து எடுத்தார்கள். கழுத்தில் தொப்புள்கொடி இரண்டு சுற்று. துடைத்து, தேய்த்துவிட்ட பிறகுதான் அழுதான். டாக்டரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, அவர் ஒரே ஆளாக மூன்று கட்டில் பார்த்துக்கொண்டிருந்தார். எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரியில் பயிற்சியில் இருந்தபோது புனல் மாதிரிக் குழாயை வயிற்றில் வைத்துக் காதால் கேட்டு, மறுகையில் தாயின் நாடியைப் பிடிக்கப் பழக்கினார்கள். அந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது.

  

சரி, உங்கள் விஷயம். நேரே போய் டாக்டரிடம் கேளுங்கள்: துடிப்பு எவ்வளவு இறங்கியது, எவ்வளவு நேரம் இருந்தது, அதற்குமுன் என்ன செய்து பார்த்தார்கள், நீர் எந்த நிறம்? சண்டைக்குப் போகிற மாதிரி கேட்காதீர்கள். சி.டி.ஜி. தாளையும் கேட்டு இப்போதே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் அது பஸ் டிக்கெட் மாதிரி வெப்பத்தாள், எழுத்து மங்கிப் போய்விடும்.